வீட்டுக்காரர் நேரில் வர வேண்டும்

எண் 9, கம்பம் நிப்பா,
கிள்ளான்.
9 ஜனவரி 2022

அன்புள்ள தம்பி யுகேந்திரனுக்கு,

அக்கா தாமரை எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் முதுகு வலி இப்போது எப்படி இருக்கிறது? சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறதா?

கோவிட் சாக்கில் இன்னும் நேரில் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள். அதனால்தான் கடிதம். போன மாதம் வந்த வெள்ளத்தை அங்கேயும் டிவியில் காட்டியிருப்பார்கள். பயந்திருப்பாய். நம் வீட்டு வாசல் வரைக்கும் தண்ணீர் வந்தது, போய்விட்டது. அப்பாவின் ரேடியோ நனைந்து கெட்டுப்போனது, அவ்வளவுதான். அப்பாவுக்குக் காலில் சின்னக் காயம். கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை வழக்கம்போல ஓடுகிறது. பள்ளிக்கூட நோட்டுக் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேலி செய்யாதே, கைக்கு அதுதான் கிடைத்தது.

யார் என்ன சொன்னாலும் கை நீட்டாதே. சாப்பாட்டு வரிசையில் ஒருவனை அறைந்ததற்கு உன் தண்டனைக் கழிவில் இரண்டு மாதம் போனதை மறக்காதே. கோபப்படாதே.

உன் அக்கா,
தாமரை


சிறைச்சாலை
6 பிப்ரவரி 2022

அன்புள்ள அக்காவுக்கு,

யுகேன் எழுதுகிறேன். முதுகு பரவாயில்லை. சோறு இறங்குகிறது, மீன்தான் மணக்கிறது.

உன் கடிதம் எழுதிய மூன்றாவது வாரம் கைக்கு வந்தது. இங்கே தமிழ் படிக்கத் தெரிந்த வார்டர் நசீருதீன் அண்ணன் ஒருவர்தான். தமிழ்க் கடிதம் என்றால் அவர் படித்த பிறகுதான் எங்களுக்கு. அவர் லீவு போட்டால் கடிதமும் லீவு. மலாயில் எழுதினால் இரண்டு நாளில் கிடைத்துவிடும். ஆனால் நீ மலாயில் 'கோபப்படாதே' என்று எழுதினால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

நல்ல செய்தி. எனக்கு இன்னும் கிட்டத்தட்ட மூன்று வருடம் இருக்கிறது அல்லவா? மே மாதம் பரோல் மனு போடலாம் என்கிறார்கள். கிடைத்தால் இந்த வருடமே வெளியே. அவர்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான்: வெளியே போனால் தங்க நிலையான வீடு உண்டா? அதிகாரி நேரில் போய்ப் பார்ப்பார். எனக்கென்ன கவலை, வீடு என் பெயரில் இருக்கிறது! வாசலில் கிடக்கும் என் பழைய மோட்டார் சைக்கிளை மட்டும் பின்னால் தள்ளி வை. பார்க்க நன்றாக இருக்கட்டும்.

அப்பா எப்போதும் கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதுவாரே, இந்த முறை ஏன் எழுதவில்லை?

தம்பி,
யுகேந்திரன்


கிள்ளான்
20 ஏப்ரல் 2022

தம்பி யுகேனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதை உட்கார்ந்து படி. படித்து முடிக்கும்வரை எழுந்திருக்காதே.

மனுவில் நம் வீட்டு முகவரியைக் கொடுக்காதே. அந்த முகவரியில் வீடு இல்லை.

நான் ஜனவரியில் எழுதியது பொய். தண்ணீர் வாசலோடு நிற்கவில்லை. சனிக்கிழமை மதியம் முதலில் குளியலறைத் துவாரம் வழியாகக் கறுப்பாக வந்தது. அரை மணி நேரத்தில் அப்பாவின் நாற்காலி மிதந்தது. கூரைத் தகரத்தை நெம்பி மேலே ஏறினோம். அப்பா, நான், பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமி அக்கா மூன்று பேரும் ஒன்றரை நாள் கூரைமேல் இருந்தோம். நான் போன் செய்யாத நம்பர் இல்லை. கடைசியில் எங்களை இறக்கியது அரசாங்கப் படகு இல்லை. கேரி தீவிலிருந்து மீன் பிடிக்கிற ஒரு குடும்பம் தன் படகை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தது. இறக்கிவிட்டுப் பேரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள்.

பலகை வீடு தூணை விட்டு நகர்ந்து சீதா அக்கா வீட்டின்மேல் சாய்ந்தது. பத்து நாள் கழித்து மண்வாரி இயந்திரம் வந்து இரண்டையும் சேர்த்து அள்ளிப் போனது. உன் மோட்டாரும் அதற்குள்தான். அந்த நோட்டுக் காகிதம் நிவாரணப் பள்ளிக்கூடத்தில் எடுத்தது. இப்போது கப்பலில் சரக்கு ஏற்றும் கொண்டேனரில் ஜன்னல் வெட்டி, வீடு என்று பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மதியம் உள்ளே இருந்தால் முட்டை அவியும்.

அப்பா கடிதத்தில் எழுதாததற்குக் காரணம், அவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். சர்க்கரைக்காரர், சாக்கடைத் தண்ணீரில் நின்றார். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

நம் கேட் தூணும் அதில் நீ ஆணி அடித்த சிவப்புத் தபால் பெட்டியும் மட்டும் நிற்கின்றன. தபால்காரர் அதில்தான் போடுகிறார். சனிக்கிழமை வேலை விட்டதும் போய் எடுத்து வருகிறேன்.

பழைய எஸ்டேட் நிலத்தில் எங்களுக்கு நாற்பது வீடு கட்டுகிறார்கள். மூன்றே மாதம் என்றார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உனக்கு உண்மையைச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். இன்னும் சுவரே எழும்பவில்லை.

மனுவில் பூச்சோங் சித்தப்பா வீட்டு முகவரியைப் போடு. பேசிவிட்டேன், சரி என்றார்.

என்னைத் திட்டு. யாரையும் அடிக்காதே.

அக்கா,
தாமரை


சிறைச்சாலை
29 மே 2022

அக்கா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

பரோல் அதிகாரி செவ்வாய்க்கிழமை நம் கம்பத்துக் குடியிருப்புக்குப் போனார். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து சொன்னார்: "தபால் பெட்டி இருக்கு. வீடு இல்ல." பொய் முகவரி கொடுத்தேன் என்று எழுதிவிட்டார்கள். இனி ஆறு மாதத்துக்கு மனுவே போட முடியாது.

"சார், போன மாசம்கூட எங்க அக்கா அந்த வீட்டுலதான் இருந்தாங்க" என்று நான் சத்தியம் செய்தேன், அக்கா. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு புதிதாக வந்த ஒருவனைப் பிடித்துக் கேட்டேன். கிஷன், நம் பின் வரிசையில் குடியிருந்தவன். அவன் சொல்கிறான், "அண்ணே, ஒங்கப்பாவ ஒங்கக்கா துண்டால இடுப்போட கட்டிக்கிட்டு கூரமேல உக்காந்திருந்துச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் என்னைச் சின்னப் பிள்ளையாக்கி வைத்திருந்தாய்.

யுகேந்திரன்


கொண்டேனர் 14, தற்காலிகக் குடியிருப்பு,
கிள்ளான்.
12 ஜூன் 2022

தம்பி,

உன் கடிதம் நேற்று பெட்டியில் இருந்தது. உடம்பு எப்படி என்று நான் கேட்கிறேன், நீ கேட்காவிட்டாலும்.

ஏப்ரல் இருபதாம் தேதியே எல்லாவற்றையும் எழுதினேனே! வீட்டு முகவரியைக் கொடுக்காதே என்று ஆரம்பத்திலேயே எழுதினேனே! அது எங்கே போனது? தபாலில் போயிருக்காது. அங்கேதான் கிடக்கும், நசீருதீன் அண்ணன் மேஜையில். நோன்புப் பெருநாள் லீவு. நான் மலாயில் எழுதியிருக்க வேண்டும். பள்ளிக்கூட மலாயில் பத்து வரி எனக்கு எழுதத் தெரியாதா? அப்பாவின் காலைப் பற்றி மலாயில் எழுதக் கை வரவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. பொய் சொன்ன தப்பும் என்னுடையது. மற்றதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை.

மற்றது என்ன என்று கேள். வீடமைப்பு அலுவலகத்துக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனேன். முகப்புக் கவுன்டரில் ஒரு சின்னப் பெண். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கம்பம் நிப்பா ஒன்பதாம் எண் யுகேந்திரன் பெயரில் இருக்கிறது, வீட்டுக்காரர் நேரில் வர வேண்டும் என்றாள்.

"அவன் ஜெயில்ல இருக்கான்."

"வெளிய வந்ததும் வரச் சொல்லுங்க."

"வெளிய வரணும்னா அவனுக்கு வீடு வேணும்."

"அப்ப மொதல்ல வீட்டை எடுங்க."

"வீட்டை எடுக்க அவன் வரணும்னு நீதானம்மா சொல்றே?"

மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "சபார் லா, காக்." பொறுமையாக இருங்கள் அக்காவாம். இருபது அடிப் பெட்டிக்குள் அப்பாவோடும் அவர் புண்ணோடும் இருக்கிறவளுக்குப் பொறுமை சொல்லித் தருகிறாள்.

நான் கேட்டேன்: "வெள்ளம் வந்தப்ப, வீட்டுக்காரர் நேர்ல இருந்தாத்தான் உள்ள வருவேன்னு அது சொல்லலையே?" பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டாள்.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. அந்த வீட்டு உரிமத்தை அப்பா உன் பெயரில் எழுதியபோது உனக்கு இருபத்து மூன்று வயது. வருடா வருடம் வரிசையில் நின்று அதைப் புதுப்பித்தது நான். "பொம்பளப் புள்ள நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போயிடும்" என்றார். போனேன். ரவாங்கில் நாலு வருடம் குடும்பம் நடத்திப் பார்த்துவிட்டுத் திரும்பியும் வந்தேன். அப்போதாவது மாற்றியிருக்கலாம். ஆண் பிள்ளை பெயரில் இருந்தால்தான் வீடு நிலைக்கும் என்று நம் கம்பத்தில் எல்லா வீடும் அப்படித்தான். இன்று முகப்பில் நிற்கிறவர்களைப் பார். எல்லாம் பெண்கள். வீட்டுக்காரர்கள் செத்துப்போனார்கள், ஓடிப்போனார்கள், அல்லது உன்னைப் போல உள்ளே இருக்கிறார்கள்.

இதோடு ஓர் அதிகாரக் கடிதம் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் வைத்து, சிறை அதிகாரி முத்திரை குத்தினால் உன் சார்பில் நான் சாவி வாங்கலாமாம். சீக்கிரம் அனுப்பு.

பூச்சோங் சித்தப்பா இப்போது போன் எடுப்பதில்லை. அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்று நான் சொன்னதிலிருந்துதான்.

அக்கா


சிறைச்சாலை
21 ஆகஸ்டு 2022

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் கால் எப்படி இருக்கிறது? புண் ஆறிவிட்டதா?

உன் ஏப்ரல் கடிதம் ஜூன் பதினேழாம் தேதி கையில் வந்தது. நசீருதீன் அண்ணன் பெருநாள் லீவு முடிந்து அப்படியே ஒரு மாதப் பயிற்சிக்குப் போயிருந்தாராம். அவரே கொண்டுவந்து கொடுத்தார். "தம்பி, இது நான் இருந்திருந்தா ரெண்டே நாளு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கூரை, படகு, அப்பாவின் விரல்கள் எல்லாவற்றையும் படித்தேன். பிறகு கொஞ்ச நாள் எழுத முடியவில்லை. வேலை இருந்தது.

அதிகாரக் கடிதம் இதனுடன் இருக்கிறது. முத்திரைக்கே நாலு வாரம் ஆனது. கையெழுத்துக் கோணலாக இருந்தால் ஒன்றும் நினைக்காதே. வலது கையில் இரண்டு விரல் வீங்கியிருக்கிறது.

உன் பெயரில் இருந்திருக்க வேண்டிய வீடுதான். எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும்.

யுகேன்


கொண்டேனர் 14
2 அக்டோபர் 2022

அன்புத் தம்பிக்கு,

அப்பாவின் புண் ஆறியது. கட்டை ஊன்றி நடக்கிறார். கொண்டேனர் வாசலில் படி இல்லை, செங்கல் அடுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு முறை சறுக்கி விழுந்துவிட்டு, "கீழதான் விழுந்தேன், மேலயா விழுந்தேன்" என்கிறார். உன் விரல் எப்படி வீங்கியது என்று நான் கேட்கப் போவதில்லை. எத்தனை நாள் தனி அறையில் போட்டார்கள் என்றும் கேட்கவில்லை.

நாற்பது வீடும் கட்டி முடித்துவிட்டார்கள். வெள்ளை வண்ணம், நீலக் கதவு. நமக்குப் பதினேழாம் எண். பட்டியலில் உன் பெயர் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன்.

போன ஞாயிறு சாவி கொடுக்கும் விழா. தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு, அதனால் அவசரம். பந்தல், ஒலிபெருக்கி, பிரியாணி. நம் கம்பத் தலைவர் தம்புசாமி புதுச் சட்டையில் வந்திருந்தார். எங்களை வரிசையாக மேடைக்குக் கூப்பிட்டு, ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த ஒரு சாவியின் ஒரு முனையை எங்களிடமும் மறு முனையை வந்திருந்த பெரிய மனிதரிடமும் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டோவுக்கு வீட்டுக்காரர் நேரில் வர வேண்டியதில்லை, அக்கா போதும்.

இறங்கும்போது அட்டைச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மதியம் வேறு ஊரில் விழாவாம், அங்கேயும் அதே சாவி.

"அசல் சாவி எங்கண்ணே?" என்று தம்புசாமியிடம் கேட்டேன்.

"வரும் லா. தண்ணிக் குழாய் கையெழுத்து ஒண்ணு பாக்கி. சாப்பிட்டியா? பிரியாணி தீரப் போகுது, போ."

மறுநாள் உன் அதிகாரக் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அதே பெண். கடிதத்தின் மேல் இருந்த தேதியைக் காட்டினாள். நான் ஜூனில் அடித்த தேதி. மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டுமாம். நாலு வாரம் முத்திரைக்கு, மூன்று வாரம் தபாலுக்கு, இரண்டு வாரம் விழா முடியட்டும் என்று அவர்களே சொன்னதற்கு. காலாவதி. புதிதாக எழுத வேண்டும்.

நான் மேஜையைத் தட்டினேன். காவலாளி வந்தான். நம் ஆள்தான். "அக்கா, வாங்க, வெளிய போயி பேசலாம்" என்றான். வெளியே வந்ததும் ஒரு தண்ணீர் போத்தலைக் கொடுத்தான்.

அக்கா,
தாமரை


சிறைச்சாலை
13 நவம்பர் 2022

அக்காவுக்கு,

சுகம். நீயும் அப்பாவும் சுகமா?

யோசித்து எழுதுகிறேன், கோபத்தில் இல்லை. என் பெயரை எடுத்துவிடு. நான் உரிமையை விட்டுவிட்டேன் என்று எழுதித் தருகிறேன். உன் பெயரில் மாற்றிக்கொண்டு அப்பாவைக் கூட்டிப் போ. பரோல் எனக்கு வேண்டாம். முழுத் தண்டனையும் இருந்துவிட்டு வருகிறேன். இரண்டு வருடம் என்ன பெரிய இரண்டு வருடம்?

எனக்காக அப்பா பெட்டிக்குள் வேக வேண்டாம்.

யுகேன்


எண் 17, புதிய குடியிருப்பு,
பழைய எஸ்டேட் சாலை, கிள்ளான்.
25 டிசம்பர் 2022

தம்பி யுகேனுக்கு,

நாங்கள் நலம். மேலே இருக்கும் முகவரியை இன்னொரு முறை படி.

நீ எழுதித் தருகிறேன் என்றாயே, அதை விசாரித்தேன். பெயர் மாற்றினால் புதிய மனு. புதிய மனு என்றால் வரிசையில் கடைசி. அடுத்த கட்ட வீடுகள், எப்போது என்று தெரியாது. நீ தியாகம் செய்தாலும் வாங்கிக்கொள்ள அவர்களிடம் போராங் படிவம் இல்லை, தம்பி. அதனால் அந்தப் பேச்சை விடு.

டிசம்பர் வந்ததும் மறுபடி மழை. கொண்டேனர் நிற்கிற இடம் பள்ளம். பதினேழாம் தேதி ராத்திரி பெய்த மழையில் காலையில் செங்கல் படியைக் காணோம். கணுக்கால் தண்ணீர். அப்பா கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வந்து சரியாக ஒரு வருடம். அங்கே நாற்பது வீடு, வண்ணம் அடித்து, மேட்டில், காய்ந்து, பூட்டிக் கிடக்கிறது. தண்ணிக் குழாய்க்கு ஒரு கையெழுத்துப் பாக்கி.

காலை ஒன்பது மணிக்குச் சீதா அக்காவின் மருமகனிடம் இரும்பு அறுக்கும் வாளை இரவல் வாங்கினேன். அப்பாவையும் அவர் நாற்காலியையும் வேனில் ஏற்றிப் பதினேழாம் எண் வாசலில் இறக்கினேன். ஒளிந்து செய்யவில்லை. பட்டப்பகல். அப்பா குடையைப் பிடித்தபடி எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தார்: "முன்னுக்குத் தள்ளுறப்பதாம்மா அறுக்கும். இழுக்கறப்ப சும்மா வா. சும்மா வாங்குறேன்ல!"

பாதி அறுக்கும்போது தம்புசாமி மோட்டாரில் வந்தார்.

"என்னம்மா இப்படிப் பண்றே? தப்பு லா இது. தெறப்பு விழா இன்னும் ஆகல."

"அன்னிக்கு அட்டச் சாவியில போட்டோ எடுத்தீங்களே, அது என்ன விழா?"

"அது சாவி குடுக்கற விழா. இது தெறப்பு விழா. வேற வேற."

அப்பா குடைக்குள்ளிருந்து சொன்னார்: "தம்பு, நீ கொஞ்சம் தள்ளி நில்லு. வெளிச்சத்த மறைக்கறே."

பூட்டு விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே சீதா அக்கா வாளைப் பிடுங்கிக்கொண்டு பதினெட்டாம் எண்ணுக்குப் போனார். சாயங்காலத்துக்குள் ஏழு வீடு.

மின்சாரம் இல்லை. தண்ணீர் கோயில் குழாயிலிருந்து வாளியில் வருகிறது. ஆனால் தரை காய்ந்திருக்கிறது, யுகேன். தரையில் படுத்துப் பார்த்தேன்.

நசீருதீன் அண்ணே, நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். பட்டியலில் என் தம்பி பெயர் இருக்கிற வீட்டுக்குள்தான் வந்திருக்கிறேன். கறுப்பு மையால் அடிப்பதானால் அடியுங்கள். முகவரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

யுகேன், அடுத்த மனுவில் இந்த முகவரியைக் கொடு.

அக்கா,
தாமரை

மவனே, வீடு நல்லாருக்கு. கக்கூஸ் கதவு சாத்தல. அப்பா.


சிறைச்சாலை
15 ஜனவரி 2023

அன்புள்ள அக்கா, அப்பா இருவருக்கும்,

நலம். நலம். நலம்.

நசீருதீன் அண்ணன் ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. கடிதத்தைக் கொடுக்கும்போது மெதுவாக, "பூட்டு எத்தன நிமிஷத்துல போச்சாம்?" என்று கேட்டார். எழுது, அவருக்குச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் ஒரு வரியைக் கிஷனுக்கு வாசித்துக் காட்டினேன்.

மனு போட்டுவிட்டேன். எண் 17. அதிகாரி அடுத்த மாதம் வருவார். வீட்டு முகவரிக்கு ஏதாவது ஆதாரம் கேட்பார்களாம்: மின்கட்டண பில், தண்ணீர் பில், அரசாங்கக் கடிதம், எதுவாவது. அதில் என் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். நம்மிடம் என்ன இருக்கிறது அக்கா?

யுகேன்


சிறைச்சாலை
26 பிப்ரவரி 2023

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். பரோல் கிடைத்துவிட்டது. மார்ச் பதினேழு, வெள்ளிக்கிழமை காலை.

என்ன ஆதாரம் காட்டினாய்? கேட்டால் இங்கே யாரும் சொல்லவில்லை. 'முகவரி உறுதி செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதியிருக்கிறது. நிபந்தனை நிறைய. வாரம் ஒரு முறை அதிகாரியைப் பார்க்க வேண்டும். ஒரு கைகலப்பு, ஒரு புகார் வந்தால் போதும், திரும்ப உள்ளே.

அப்பாவிடம் சொல்.

யுகேன்


எண் 17, புதிய குடியிருப்பு,
பழைய எஸ்டேட் சாலை, கிள்ளான்.
5 மார்ச் 2023

அன்புள்ள யுகேனுக்கு,

அப்பாவிடம் சொன்னேன். "வெள்ளிக்கிழம கறி எடுக்க முடியாதே" என்றார். இரண்டு பேரும் நலம். நசீருதீன் அண்ணன் இந்த வாரம் லீவில் இல்லை என்று சிறை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். பூட்டு இருபத்தைந்து நிமிடம். கை வலிக்காமல் இருந்தால் பதினைந்தில் முடித்திருப்பேன்.

ஆதாரம் கேட்டாயே, சொல்கிறேன்.

அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அப்பாவின் காலைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார், மெழுகுவத்தியைப் பார்த்தார். மின்கட்டண பில் கேட்டார். மின்சாரமே இல்லை என்றேன். தண்ணீர் பில்? கோயில் குழாய் என்றேன். உங்கள் தம்பி பெயரில் எந்தக் கடிதமும் இந்த முகவரிக்கு வந்ததில்லையா என்று கேட்டார்.

வந்திருந்தது, யுகேன். ஒரே ஒரு கடிதம். அந்த வாரம்தான் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அரசாங்கத் தாள், அரசாங்க முத்திரை. 'யுகேந்திரன், தந்தை பெயர் பழனியப்பன், எண் 17, புதிய குடியிருப்பு.' அனுமதி இல்லாமல் குடியேறிய குற்றத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். பதினான்கு மாதமாக இந்த அரசாங்கம் நமக்கு எழுதிக் கொடுத்த ஒரே காகிதம்.

வேறு எதுவும் இல்லை. அதைக் கொடுத்தேன்.

அந்த அம்மா முழுதும் படித்தார். இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மலாயில் சொன்னார்: "பெயர் இருக்கிறது. முகவரி இருக்கிறது. நான் முகவரியைச் சரிபார்க்கத்தான் வந்தேன்." போராங்கில் டிக் போட்டார். போகும்போது அப்பாவுக்கு ஸலாம் சொல்வதுபோல நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போனார்.

இப்போது இரண்டாவது நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏழு வீட்டுக்கும். மார்ச் இருபது, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு ஆள் வந்து எங்களை வெளியேற்றிவிட்டுப் பூட்டுவார்களாம். கடைசி வரியை அப்படியே எழுதுகிறேன்: 'பட்டியலில் உள்ள வீட்டுக்காரர் அன்று நேரில் வந்து, ஆவணங்களுடன் உரிமையை நிரூபித்தால் அவருக்கு அன்றே சாவி ஒப்படைக்கப்படலாம்.'

'படலாம்' என்றுதான் போட்டிருக்கிறார்கள், 'படும்' என்று இல்லை. அவர்களை எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். வேறு ஒரு காகிதம் இல்லை என்பார்கள். தேதி தவறு என்பார்கள். அந்தப் பெண்ணும் கம்ப்யூட்டரோடு வருவாள். தம்புசாமி வேறு சட்டையில் வருவார். சபார், சபார் என்பார்கள். இந்த முறை சீதா அக்காவும் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் வாசலில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறோம். அப்பா தன் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டார்.

நீ வெள்ளிக்கிழமை வந்துவிடு. சனி, ஞாயிறு தூங்கு. திங்கட்கிழமை உன் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு, பதினேழாம் எண் வாசலில் வீட்டுக்காரனாக நில். ஒரு வருடமாக உன்னைத்தானே கேட்டார்கள்? பார்க்கட்டும்.

அன்று யார் என்ன சொன்னாலும் நீ வாயைத் திறக்காதே, கையை நீட்டாதே. காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடு, போதும். கோபப்படுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா, தாமரை

கறி ஞாயித்துக்கிழம. அப்பா.